கோட்டையும் ஊற்றும்: சேதுக் கரையில் ஒரு பயணம்

வியாழன்: ஆர்.எஸ்.மங்கலம், செங்கமடை, காரங்காடு

இராமநாதபுரம் மாவட்டத்தைத் 'தண்ணியில்லாக் காடு' என்று சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. அரசு ஊழியரைத் தண்டனையாக இடமாற்றம் செய்வது பற்றிய பேச்சு வந்தாலே இந்த மாவட்டத்தின் பெயரும் கூடவே வந்துவிடுகிறது. ஆனால் தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை நீளும் கரையை வரைபடத்தில் விரித்துப் பார்த்தால், கோட்டைகளும் கோயில்களும் பள்ளிவாசல்களும் சத்திரங்களும் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கின்றன. குடிக்க நீர் இல்லாத இடத்தில் மனிதர்கள் இவ்வளவையும் கட்டியிருக்க முடியாது. அந்த நீர் எங்கே இருந்தது, இன்று எங்கே இருக்கிறது என்பதை ஊர் ஊராகச் சென்று பார்ப்பதே இந்தப் பயணத்தின் நோக்கம்.

உடன் வருபவர் என் மனைவியின் அண்ணன். ஓமன் நாட்டில் நெடுநாள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். நிஸ்வா நகரின் வட்டக் கோட்டையையும், ஜபல் அக்தர் மலைக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலையையும், மலையடியில் சுரக்கும் நீரைத் தரையின் சரிவை மட்டுமே நம்பிப் பல கிலோமீட்டர் ஓடவிட்டுப் பேரீச்சந்தோப்புகளில் கொண்டுசேர்க்கும் அஃப்லாஜ் வாய்க்கால்களையும் நேரில் அறிந்தவர். அந்த வாய்க்கால்களில் ஐந்தை 2006 இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. "அங்க எந்தக் கோட்டைக்குள்ள போனாலும் கிணறு இருக்கும், மாப்பிள்ளை. நம்ம கோட்டையிலயும் அதைத்தான் முதல்ல தேடணும்" என்று வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னார். எங்கள் பயணத்துக்கு அதுவே நல்ல வழிகாட்டியாக அமைந்தது.

ஆர்.எஸ்.மங்கலம் என்று எல்லாரும் சுருக்கிச் சொல்லும் இராசசிங்கமங்கலத்தின் பெரிய கண்மாய்க் கரையில் ஏறி நின்றபோது எதிர்க்கரை கண்ணுக்குத் தென்படவில்லை. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்று இந்தப் பக்கத்து மக்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாரைகூட ஒரே வீச்சில் பறந்து கடக்க முடியாத நீளம் என்கிறார்கள். பாண்டியர் காலத்துக் கண்மாய் இது. இதற்கு நீர் தர அருகில் மலை கிடையாது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் கிடையாது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் மழையையும், மேற்கே உள்ள கண்மாய்கள் நிறைந்து கலுங்கு வழிந்து வரும் மிச்ச நீரையும் பிடித்து நிறுத்திக்கொள்கிறது; தானும் நிறைந்தால் கீழே உள்ள ஊருக்குத் தள்ளிவிடுகிறது. ஏறக்குறைய தட்டையான நிலத்தில், கண்ணுக்குத் தெரியாத சரிவைக் கண்டுபிடித்து இத்தனை கண்மாய்களையும் ஒன்றோடொன்று கோத்தவர்களின் அறிவை, கரைமேல் நடக்க நடக்கத்தான் உணர முடிகிறது.

மாசி மாதம் என்பதால் நெல் அறுவடை முடிந்து, மிளகாய் வந்துகொண்டிருக்கிறது. சாலையோரக் களங்களில் செக்கச்செவேல் என்று காய்ந்துகிடப்பது இராமநாதபுரம் முண்டு மிளகாய். நீண்டு வளையாமல் உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும் இந்த மிளகாய்க்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பின்பனி ஈரத்திலேயே தேறிவிடும் பயிர் என்பதால்தான் கண்மாய் பாதி நிறைந்த ஆண்டுகளில்கூட இது இந்த மக்களைக் காப்பாற்றுகிறது.

செங்கமடைக் கோட்டை இங்கிருந்து பக்கம்தான். 18 ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில், இந்தச் சீமையை ஆண்ட சேதுபதி மன்னர்களில் ஒருவரான முத்துவிஜய ரகுநாத சேதுபதி கட்டிய கோட்டை இது. ஆறு முகங்கள் கொண்ட அமைப்பால் ஆறுமுகக் கோட்டை என்ற பெயரும் உண்டு. அதே சேதுபதி கமுதியில் குண்டாற்றங்கரையில் ஒரு கோட்டையும், கடலைக் காக்கப் பாம்பனில் ஒரு கோட்டையும் கட்டினார். கமுதிக்குக் குண்டாறு, செங்கமடைக்குக் கோட்டைக்கரை ஆறு. இந்தச் சீமையின் ஆறுகள் ஆண்டில் பல மாதங்கள் வெறும் மணலாகவே கிடப்பவை. ஆனாலும் அந்த மணலைத் தோண்டினால் ஊற்று வரும். படையோடு தங்குகிற தளபதிக்கு ஓடுகிற ஆற்றைவிட, எதிரியின் கண்ணுக்குத் தெரியாமல் மணலுக்குள் கிடக்கும் நீர் மேலும் பாதுகாப்பானது என்பதும் இந்த இடத்தேர்வில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இன்று கோட்டையின் பெரும்பகுதி இடிந்து, சீமைக்கருவேல முள்ளுக்குள் புதைந்திருக்கிறது. எஞ்சிய சுவரில் சுண்ணாம்புச் சாந்து இன்னும் விரலால் சுரண்ட முடியாத அளவுக்கு இறுகி நிற்கிறது. சாந்து தாங்கிவிட்டது, சுவரின் இடுக்குகளில் வேர்விட்ட கருவேலம்தான் அதைப் பிளக்கிறது. இந்த முள்ளை வெட்டுவதற்கு மட்டுமாவது ஆண்டுதோறும் சிறு தொகை ஒதுக்கினால் இந்தக் கோட்டை இன்னும் ஒரு நூற்றாண்டு நிற்கும்.

பிற்பகலில் அதே கோட்டைக்கரை ஆறு கடலில் சேரும் காரங்காட்டுக்குப் போனோம். வனத்துறை உள்ளூர் மக்களைக் கொண்டு அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறது. சேற்றிலிருந்து விரல் விரலாக மேல்நோக்கி நிற்கும் மூச்சுவேர்களுக்கு நடுவே படகு மெல்ல நகர்ந்தபோது, படகோட்டி ஓர் இலையைப் பறித்துக் கையில் தந்தார். இலையின் மேற்பரப்பில் பொடிப்பொடியாக வெள்ளைப் படிகம். நாக்கில் வைத்தால் சுத்த உப்பு. வேர் உறிஞ்சிய கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து இலை வழியாக வெளியே தள்ளிவிட்டு நன்னீரை மட்டும் வைத்துக்கொள்கிறது இந்த மரம்.

வெள்ளி: தேவிபட்டினம், இராமநாதபுரம்

தேவிபட்டினத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. கடலுக்குள் நட்ட ஒன்பது கற்களை நவக்கிரகங்களாக வழிபடும் நவபாஷாணத்தில் காலையிலேயே கூட்டம். இலங்கைக்குப் போகும் முன் இராமன் இங்கே கிரகங்களை வழிபட்டதாக நம்பிக்கை. பாக் நீரிணைக் கடல் இங்கே குளம்போல் அடங்கிக் கிடப்பதால், முழங்கால் அளவு நீரில் இறங்கி மக்கள் கற்களைச் சுற்றி வருகிறார்கள். கழற்றி எறிந்த துணிகள் நீரில் மிதப்பது மட்டும் மனத்தை உறுத்தியது.

இராமநாதபுரத்தில் அரை நாள் போதும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இராமலிங்க விலாசம் ஒன்றே அந்த எண்ணத்தை மாற்றிவிடும். புகலூரில் இருந்த தலைநகரை இங்கே மாற்றிய கிழவன் சேதுபதி எழுப்பிய அரசவை மண்டபம் இது. தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. படியேறி உள்ளே போனதும் வரிசை வரிசையாகக் கனத்த தூண்கள்; அவற்றுக்கு அப்பால் சுவர், மேற்கூரை, வளைவு என்று ஓர் அடி இடம் விடாமல் ஓவியங்கள். 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துவிஜய ரகுநாத சேதுபதியின் காலத்தில் தீட்டப்பட்டவை.

இராமாயணக் காட்சிகளும் கண்ணன் கதையும் எதிர்பார்த்தவைதான். என்னை நெடுநேரம் நிறுத்தியவை அரசியல் ஓவியங்கள். தஞ்சை மராட்டியரோடு நடந்த போரில் இரு பக்கத்துப் படைகளும் எதிரெதிரே நிற்கின்றன. பீரங்கிகளும் குதிரைகளும் துப்பாக்கி ஏந்திய வீரர்களும் அடுக்கடுக்காக வரையப்பட்டிருக்கின்றன. யார் யார் என்று தமிழில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். இன்னொரு சுவரில் தொப்பி அணிந்த ஐரோப்பியர்கள் சேதுபதியைக் கண்டு பேசுகிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் ஓவியர் மீசைக்குக் கொடுத்த கவனம் தெரிகிறது: நம் வீரர்களின் மீசை கன்னத்தை நோக்கி முறுக்கி நிற்க, ஐரோப்பியர்களின் முகங்களை வேறு விதமாக, சுருள் முடியும் குறுகிய தாடையுமாகத் தீட்டியிருக்கிறார். அயலாரைக் கேலி செய்யவும் இல்லை. அவர்களுக்கு அஞ்சி வரையவும் இல்லை. அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின், 1772 இல், ஆர்க்காடு நவாபின் படையும் கும்பினி எனப்பட்ட ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் சேர்ந்து இந்தக் கோட்டையைப் பிடித்தன. சிறுவனாக இருந்த முத்துராமலிங்க சேதுபதி திருச்சிக் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். மீண்டும் ஆட்சிக்கு வந்து, 1795 இல் கும்பினியாரால் பதவி நீக்கப்பட்டு, சென்னைச் சிறையில் 1809 இல் இறந்தார். இந்தச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே அந்த வரலாற்றை நினைக்கும்போது தொண்டை அடைக்கிறது.

கோட்டை மதில் இன்று நகருக்குள் கரைந்துவிட்டது. ஆனால் கோட்டைக்கு நீர் தந்தவை இன்னும் பெயரோடு இருக்கின்றன: முகவை ஊருணி, நீலகண்டி ஊருணி, செம்மங்குண்டு ஊருணி. கண்மாய் பயிருக்கு, ஊருணி குடிப்பதற்கு. இந்த வேறுபாட்டை இந்தச் சீமை மக்கள் கறாராகக் காத்தார்கள். குடிநீர் ஊருணியில் கால் நனைப்பதும் துணி துவைப்பதும் மாடு இறக்குவதும் ஊர்க்குற்றமாகக் கருதப்பட்டன. ஊருணி நீர் கலங்கலாகத்தான் இருக்கும். குடத்தின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்து, அதில் நீரை ஊற்றி வைத்தால் சிறிது நேரத்தில் மண் அடியில் தங்கித் தெளிந்துவிடும். கடைத்தெருவில் விசாரித்தபோது ஒரு நாட்டுமருந்துக் கடையில் தேத்தாங்கொட்டை கிடைத்தது. சின்ன உருண்டையான, பட்டன்போல் தட்டையான அந்தக் கொட்டையை வாங்கி மச்சான் பையில் போட்டுக்கொண்டார். நகரின் ஊருணிகளில் சிலவற்றுக்குக் கம்பி வேலியும் நடைபாதையும் போட்டிருக்கிறார்கள். மழைநீர் வந்து சேரும் வரத்துக்கால்கள்தான் கட்டடங்களுக்கு அடியில் மறைந்துகொண்டிருக்கின்றன. வரத்துக்கால் அடைபட்ட ஊருணிக்கு நடைபாதை எதற்கு?

மாலையில் பெரிய கண்மாய்க்கும், அதன் பிறகு அழகன்குளத்துக்கும் போனோம். வருசநாட்டு மலையில் பிறந்து, 258 கிலோமீட்டர் நடந்து, மதுரையைக் கடந்து, பார்த்திபனூர் மதகணையில் பிரிந்து வரும் வைகை இந்தப் பெரிய கண்மாயில்தான் அடங்குகிறது. மிஞ்சிய நீர் ஆற்றங்கரை என்ற ஊரருகே கடலில் கலக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்கிற மழை 1895 இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் சுரங்கம் வழியாக வைகைக்குத் திரும்பி, கடைசியில் இந்தக் கண்மாயைத் தொடுகிறது. இந்தக் கரைக்கு மலை இல்லை என்று சொல்லலாம். மலையின் நீர் இல்லை என்று சொல்ல முடியாது.

அழகன்குளத்தில் மேலே பார்க்க ஒன்றும் இல்லை. பனையும் வீடுகளும் மேடான நிலமும்தான். அந்த மேட்டில் 1980களிலிருந்து மாநிலத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளும், ரோமானிய மதுச் சாடிகளின் துண்டுகளும், தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளும், கப்பல் உருவம் கீறிய ஓடு ஒன்றும் கிடைத்தன. ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் அமைந்ததற்குக் கப்பல் நிற்க வசதியான இடம் என்பது ஒரு காரணம். நெடுந்தூரம் போகும் கலத்துக்கு ஏற்ற குடிநீர் அங்கே கிடைத்தது என்பதும் அதே அளவு முக்கியமான காரணம்.

சனி: திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை

திருப்புல்லாணி ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயில் 108 திவ்விய தேசங்களில் ஒன்று. கடலரசனிடம் வழி கேட்டு இராமன் தருப்பைப் புல்மேல் படுத்த கோலத்தில் இருக்கும் சன்னதி இங்கே தனிச் சிறப்பு. அரிசியும் பாலும் வெல்லமும் சேர்ந்த பாயசம் பிரசாதம், சூடாகக் கிடைத்தது. இங்கிருந்து சேதுக்கரை நாலைந்து கிலோமீட்டர்தான். அங்கே கடலைப் பார்த்தபடி நிற்கிறார் ஆஞ்சநேயர்.

கீழக்கரைக்கு நண்பகலில் வந்தோம். மன்னார் வளைகுடாவின் பழைய துறைமுகம். கிழவன் சேதுபதியின் நெருங்கிய நண்பராக இருந்த வள்ளல் சீதக்காதியின் ஊர். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்ற சொல்வழக்குக்கு உரியவர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தவர். ஊரின் பழைய ஜும்மா பள்ளிவாசலுக்குள் கால் வைத்தவுடன் கோயில் மண்டபத்துக்குள் வந்துவிட்ட உணர்வு ஏற்பட்டது. கருங்கல் தூண்கள், தூண்களின் தலையில் நம் சிற்பிகள் வடிக்கும் போதிகைகள், கொடியும் பூவும் செதுக்கிய கல் உத்தரம். உருவச் சிற்பம் ஒன்றும் கிடையாது. ஒரே மரபின் கைகள்தான் இரண்டையும் கட்டியிருக்கின்றன. எங்களை உள்ளே அழைத்துக் காட்டிய பெரியவர், "காக்கா (அண்ணே), ஒளு செய்யிற தொட்டியப் பாருங்க" என்று, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் நீர்த்தொட்டியைக் காட்ட மச்சானை அழைத்துச் சென்றார். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதும் தொட்டியின் நீர் உவர்க்கவில்லை.

கீழக்கரைத் தெருக்கள் ஒடுங்கியவை. உயர்ந்த சுவர்களுக்கு நடுவே வெயில் இறங்குவதில்லை. கடற்காற்று மட்டும் சந்துகளில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு வீட்டின் பின்கட்டில் தொதல் என்ற அல்வா போன்ற இனிப்பைக் கிண்டுவதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அகன்ற உருளியில் தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் கருப்பட்டியும் கொதித்துக்கொண்டிருக்க, நீளமான மரத்துடுப்பால் ஓர் அம்மா விடாமல் கிண்டினார். முதலில் குழம்பாகத் தளதளத்தது, பிறகு பாகாக இறுகியது, கடைசியில் துடுப்போடு சேர்ந்து உருண்டு வந்து உருளியின் ஓரமெல்லாம் தேங்காயெண்ணெய் கக்கியது. எண்ணெய் பிரிந்தால்தான் பதம் என்றார். "இறக்கிட்டு ஆறவிடணும் தம்பி, சூடா வெட்டினா ஒட்டும்" என்றும் சொன்னார். நாங்கள் வாங்கிய துண்டு கறுப்பாக, பளபளப்பாக இருந்தது. வாயில் கருப்பட்டியின் லேசான புகைவாசம் தங்கியது. பாசனமே இல்லாமல் மணலில் நிற்கும் பனை தரும் இனிப்பு அது.

ஊருக்கு வெளியே தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்கள் இந்த மாவட்டத்தின் பெரும்பகுதிக்கு வந்திருக்கின்றன. குழாயில் நீர் வராத நாள்களுக்கு இந்தத் தள்ளுவண்டிகள்தான் கதி. இரும்புச் சட்டத்தில் குடம் உட்காரும் அளவுக்கு வளையங்கள் பற்றவைத்து, ஒற்றைச் சக்கரமோ இரட்டைச் சக்கரமோ பூட்டிய இந்த வண்டி, வேறு மாவட்டங்களில் இவ்வளவு எண்ணிக்கையில் என் கண்ணில் பட்டதில்லை.

ஞாயிறு: பாம்பன், வில்லூண்டி, இராமேசுவரம், கந்தமாதனம்

பாம்பன் பாலத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1914 இல் திறந்த பழைய இரயில் பாலம் 2022 டிசம்பரில் ஓய்ந்தது. நடுப்பகுதியை அப்படியே செங்குத்தாகத் தூக்கும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 ஆம் நாள் திறக்கப்பட்டது. 72.5 மீட்டர் நீளமுள்ள அந்தப் பகுதி 17 மீட்டர் உயரம் எழும்புகிறது. 1988 இல் திறந்த சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்களால் போக்குவரத்து திணறுகிறது. பாலத்தில் நிற்காமல் கடப்பதே நல்லது. தீவுக்குள் வந்ததும் குந்துகாலுக்குப் பிரியும் சாலையில் சென்றால், 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் கரை இறங்கிய இடத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது. அவரைச் சிகாகோவுக்கு அனுப்ப உதவிய பாஸ்கர சேதுபதியே அன்று வரவேற்றார்.

அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று சாலை நெடுக ஊர்ப்பெயர்களிலேயே மடங்கள் நிற்கின்றன. பாலம் வருவதற்கு முன் கடலைப் படகில் கடந்து கால்நடையாக வந்த யாத்திரிகர்கள் தங்கிய இடங்கள் இவை. சேதுவைக் காப்பதே சேதுபதிகளின் பட்டப்பெயருக்குக் காரணம். காப்பது என்றால் கொள்ளையரிடமிருந்து காப்பது மட்டும் அன்று. நடந்து வருகிறவனுக்கு ஒரு பொழுது நடைக்குள் சத்திரமும் சோறும் கிணறும் இருக்கும்படி செய்வதும்தான்.

தங்கச்சிமடத்துக்கு வடக்கே கடலுக்குள் இருக்கிறது வில்லூண்டி தீர்த்தம். கரையிலிருந்து நீண்ட நடைபாலம் வழியாகப் போனால் அதன் முடிவில் ஒரு கிணறு. சுற்றிலும் கடல். சீதையின் தாகம் தீர்க்க இராமன் வில்லை ஊன்றிய இடம் என்பது தலபுராணம். அங்கிருந்த தம்பி ஒருவர் வாளியை இறக்கி இறைத்துத் தந்தார். இரண்டு பக்கமும் உப்புநீர் அலையடித்துக்கொண்டிருக்க, கையில் ஏந்திய நீர் குடிக்கத்தக்கதாகவே இருந்தது. தீவின் மணலில் இறங்கிய மழைநீர் நிலத்துக்கடியிலேயே நகர்ந்து கரைக்கு அப்பால் வெளிப்படும் இடங்கள் உண்டு. அப்படி ஓர் இடத்தைக் கண்டு, சுவர் எழுப்பிக் கடலைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் முதன்முதலாக இதைக் கண்டவர், கடலில் குளிக்கும்போது காலடியில் குளிர்ச்சியாக ஏதோ சுரப்பதை உணர்ந்த மீனவராகத்தான் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இராமநாதசுவாமி கோயிலில் எல்லாரும் மூன்றாம் பிரகாரத்தின் தூண்வரிசையைப் பார்த்து வியக்கிறார்கள். வியக்க வேண்டியதுதான், கருங்கல்லே இல்லாத தீவுக்கு அத்தனை கல்லும் கடலைத் தாண்டி வந்திருக்கிறது. நான் கிணறுகளைப் பார்க்க வந்தவன். அக்னி தீர்த்தமான கடலில் முழுகிவிட்டு, கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் நீராடுவது முறை. தீர்த்தம் இறைப்பவர்கள் கிணற்று மேடைமேல் நின்று வாளியை வீசி, இரண்டே இழுப்பில் மேலே கொண்டுவந்து, வரிசையில் நிற்பவரின் தலையில் சரியாக ஊற்றுகிறார்கள். காசியிலிருந்து வந்த குடும்பமும் கரூரிலிருந்து வந்த குடும்பமும் ஈரத் துணியோடு ஒன்றாக ஓடுகின்றன. கிணற்றுக்குக் கிணறு சுவை மாறும் என்பார்கள்; நான் சுவைத்தவற்றில் சில சற்றே கனத்தும் சில இலேசாகவும் இருந்தன. கடல் அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் இத்தனை கிணறுகள் இருப்பதுதான், இந்தக் கோயில் இந்த இடத்தில் இவ்வளவு பெரிதாக வளர முடிந்ததற்குக் காரணம் என்று நம்புகிறேன்.

மாலையில் கந்தமாதன பர்வதம் போனோம். பர்வதம் என்று பெயர் இருந்தாலும் இது தீவின் மிக உயரமான மணல்மேடு. ஜபல் அக்தரில் வண்டியை முதல் கியரிலேயே ஏற்றிப் பழகிய மச்சான், இங்கே ஏற்றம் தொடங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை. ஆனால் உச்சியில் உள்ள இராமர் பாத மண்டபத்தின் மேல்தளத்தில் நின்றால் தீவு முழுவதும் காலடியில் விரிகிறது: கிழக்கே கோபுரங்கள், எல்லாப் பக்கமும் உடைமரமும் தென்னையும் பனையும், அவற்றுக்கப்பால் கடல். பச்சை எங்கெங்கே அடர்ந்திருக்கிறதோ அங்கங்கே மணலுக்கடியில் நல்ல தண்ணீர் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த மேடு போதும்.

திங்கள்: தனுஷ்கோடி

கோதண்டராமர் கோயிலுக்குத் திரும்பும் வழியில், ஆழமற்ற நீர்ப்பரப்பில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் நிலம் குறுகி, இரண்டு கடல்களும் இரு பக்கத்திலும் தெரிகின்றன. வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல் என்று மீனவர்கள் சொல்கிறார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடக்குக் கடல் கொந்தளிக்கும். வைகாசிக்குமேல் தெற்குக் காற்று எழுந்தால் தெற்குக் கடல். படகும் வலையும் குடிசையும் அதற்கேற்ப இடம் மாறும்.

1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் இரயில் அலையில் அடித்துச் செல்லப்பட்டு, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதுவரை சென்னையிலிருந்து இரயிலில் வந்து, இங்கே கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்கு இரயில் பிடித்த வழி, அந்த இரவோடு முடிந்தது. கடற்பாறையால் கட்டிய தேவாலயச் சுவர்களும் இரயில் நிலையத்தின் எச்சங்களும் நிற்கின்றன. சுவரைத் தொட்டால் பவளத்தின் சின்னஞ்சிறு துளைகள் விரலில் நெருடுகின்றன. வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்து வாழ்கின்றன. அவர்கள் வாழ முடிவதற்குக் காரணம், மணலில் தோண்டும் ஊற்றுகள்.

சாலையை விட்டு விலகி, குடிசைகளுக்குப் பின்னால் உள்ள தாழ்வான மணல்பகுதிக்கு ஓர் ஆச்சி எங்களை அழைத்துப் போனார். சில அடி ஆழத்துக்கு மணலைத் தோண்டி, பக்கம் சரியாமல் அடி நீக்கிய பழைய பீப்பாயை இறக்கியிருந்தார்கள். அடியில் ஒரு சாண் அளவுக்கு நீர். குனிந்து, தேங்காய்ச் சிரட்டையைச் சாய்வாகப் பிடித்து, அடி மணல் கலங்காதபடி மேல்நீரை மட்டும் அள்ளி, குடத்தின் வாயில் கட்டிய துணியில் ஊற்றினார். நாலைந்து சிரட்டை அள்ளியதும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். "அவசரப்பட்டு அள்ளினா உப்பு ஏறிடும்யா. அது ஊறட்டும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் இந்தக் கரையின் நீரியல் முழுவதும் இருக்கிறது. நன்னீர் கடல்நீரைவிட இலேசானது. மணலில் இறங்கிய மழைநீர், கீழே இருக்கும் உப்புநீரோடு எளிதில் கலக்காமல் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி வரை நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியலாரின் கணக்கு. இதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது: மேலே ஓர் அடி குறைந்தால் கீழேயிருந்து உப்புநீர் நாற்பது அடி ஏறி வரும். ஆகவே ஆழ்துளையிட்டு மோட்டாரில் இறைத்தால் சில நாளில் உவர்த்துவிடும் நிலத்தில், பரவலாகச் சின்னச் சின்ன ஊற்று தோண்டி, சிரட்டையால் அள்ளி, ஊறும்வரை காத்திருக்கும் முறையே நிலைத்து நிற்கிறது. தனுஷ்கோடி போன்ற ஒடுங்கிய மணல்திட்டில் இந்த நன்னீர்ப் படலம் மிக மெல்லியது. ஆச்சி தந்த நீரைக் குடித்தேன். மண்ணின் வாசம் துளி இருந்தது. உப்புச் சிறிதும் இல்லை.

எந்த மாதம் கடினம் என்று கேட்டேன். ஆடியிலும் ஆவணியிலும் ஊற்று கீழே போய்விடும், இடம் மாற்றித் தோண்ட வேண்டியிருக்கும், ஐப்பசி மழை விழுந்தால் மறுபடி மேலே வந்துவிடும் என்றார். 2017 இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தபின் நாள்தோறும் ஏராளமான வண்டிகள் வருகின்றன. கழிவு எங்கே போகிறது என்று பார்த்தால், அதே மணலுக்குள்தான். இரண்டு ஊற்றுகளைத் தாங்களே மூடிவிட்டதாக ஆச்சி சொன்னார். வருகிறவர்கள் குடிநீரைக் கையோடு கொண்டுவந்து பாட்டிலைத் திரும்ப எடுத்துச் செல்வதும், மணல்மேடுகளுக்குப் பின்னால் ஒதுங்காமல் கட்டிய கழிப்பறையைத் தேடிப் போவதும் இந்த மக்களின் குடிநீரோடு நேரடியாகத் தொடர்புடைய செயல்கள். சாலை போட்ட அளவுக்குக் கழிவறை கட்டுவதிலும் அரசு கவனம் செலுத்த வேண்டும்.

ஏர்வாடி, வாலிநோக்கம், மாரியூர், சாயல்குடி என்று தெற்குக் கரையும், உள்ளே கமுதிக் கோட்டையும் இன்னும் பார்க்கவில்லை. ஆச்சி சொன்ன ஆடி மாதத்திலேயே அங்கே போவது என்று முடிவு செய்திருக்கிறோம். கண்மாய்கள் வற்றிக் கிடக்கும்போது பார்த்தால்தான் எது தேங்கிய நீர், எது ஊறுகிற நீர் என்பது தெரியும்.